அறிஞர் ஜான்சன்

ஆங்கில மொழிக்குப் பேரகராதி வகுத்தளித்தவர் என உலகம் போற்றும் சாமுவேல் ஜான்சன், தம் வாழ்நாளின் பெரும்பகுதியில், காலையில் படுக்கையை விட்டு எழுவதையே ஒரு போராட்டமாகக் கொண்டிருந்தார்.  எழுத்தே அவருக்குத் தொழில். எழுதினால் உணவு உண்டு. எழுதாவிடில் கடன்காரர் வாயிலில் வந்து நிற்பர். அத்தகைய ஒருவரின் உள்ளம் எழுத மறுத்துவிட்டால் அவர் யாது செய்வார்? இவ்வினாவை ஜான்சன் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் எதிர்கொண்டார்.

அவர் 1709ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 18ஆம் நாள், இங்கிலாந்தில் லிச்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் புத்தக வணிகர்; வணிகத்தில் நட்டமே மிகுதி. குழந்தைப் பருவத்தில் கண்ட கண்டமாலை நோய் ஜான்சனின் முகத்தில் வடுக்களை விட்டுச் சென்றது. ஒரு கண்ணின் பார்வையையும் பெரிதும் குறைத்தது. 1728ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், வறுமையால் பதின்மூன்று திங்களுக்குள் பட்டம் பெறாமலேயே வீடு திரும்பினார்.

திரும்பிய பின்னர் அவர் உள்ளத்தில் இருள் சூழ்ந்தது. ஊர்க் கடிகாரத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தும் மணி என்னவென்று அறிய இயலாத நாள்களும் அக்காலத்தில் இருந்தன. அந்நிலையிலிருந்து விடுபட அவர் கண்ட வழி நடை. லிச்ஃபீல்டிலிருந்து பர்மிங்காமுக்கு ஏறத்தாழ 16 மைல். அவர் அவ்வூருக்குப் பலமுறை நடந்தே சென்று நடந்தே மீண்டார். உடல் அயர்ந்தால் உள்ளம் சற்று அமைதியுறும் எனக் கருதினார் போலும். தம் நோயின் இயல்பை இலத்தீன் மொழியில் விரிவாக எழுதி மருத்துவர் ஒருவரிடம் கொடுத்தார். அவரோ, அவ்வுரையின் அழகைக் கண்டு வியந்து பிறருக்கும் காட்டிவிட்டார். ஜான்சன் மனம் நொந்தார். நோயைக் கூறுமிடத்தும் அவருடைய நடை பிறரை மயக்கியது. அவருக்கோ அதனால் பயன் ஒன்றும் விளையவில்லை.

அவர் கூலிக்கு எழுதிய முதல் நூல் ஒரு மொழிபெயர்ப்பு. பர்மிங்காமில் ஹெக்டர் என்னும் நண்பருடன் தங்கியிருந்தபோது, அபிசீனியா நாட்டைப் பற்றிய பயண நூலொன்றைப் பிரெஞ்சு மொழியிலிருந்து பெயர்த்துத் தர இசைந்தார். ஒரு பகுதி அச்சேறியது. பின்னர் வேலை நின்றுவிட்டது. ஜான்சன் படுக்கையிலேயே கிடந்தார். கடிந்துரைத்தால் அவர் எழமாட்டார் என்பதை ஹெக்டர் அறிவார். ஆதலின், இந்நூல் முடியும்வரை அச்சுத் தொழிலாளி வேறு வேலை ஏற்க இயலாது என்றும், அவ்வேழையும் அவன் குடும்பமும் துன்புறுகின்றனர் என்றும் மெல்ல எடுத்துரைத்தார். அச்சொல் ஜான்சனின் நெஞ்சைத் தொட்டது. எனினும் எழுந்து அமர அவருக்கு வலிமை வரவில்லை. படுத்தவாறே நூலை முன்னே விரித்து வைத்துக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல ஹெக்டர் எழுதினார். எழுதிய தாள்களை அச்சகத்துக்குச் சுமந்து சென்றவரும் ஹெக்டரே. 1735ஆம் ஆண்டு நூல் வெளிவந்தது. கிடைத்த ஊதியம் ஐந்து கினி.

பின்னாளில் அவர் நிறைவேற்றிய பணிகள் பலவற்றிலும் இந்நிகழ்ச்சியின் சாயலைக் காணலாம். தமக்காக எழ இயலாதவர், தம்மை நம்பிக் காத்திருக்கும் மற்றொருவருக்காக எழுவார்.

1737ஆம் ஆண்டு, தம் மாணவராக இருந்த டேவிட் கேரிக்குடன் ஜான்சன் இலண்டன் சென்றார். கேரிக் பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற நடிகர். ஜான்சனோ எட்வர்டு கேவ் என்பார் நடத்திய மாத இதழுக்குக் கட்டுரைகளும், வாழ்க்கைக் குறிப்புகளும், பாராளுமன்ற உரைகளின் வடிவங்களும் எழுதிப் பிழைத்தார். தம்மோடு வறுமையில் உழன்று மறைந்த சாவேஜ் என்னும் கவிஞரின் வரலாற்றை எழுதுகையில், இரவு முழுதும் விழித்திருந்து, ஒரே அமர்வில் 48 அச்சுப் பக்கங்கள் எழுதினார். கிழமைக் கணக்கில் ஒருவரியும் எழுதாதவரும், ஓரிரவில் 48 பக்கம் எழுதியவரும் ஒருவரே. அவரைச் சோம்பர் என்று இகழ்ந்தோர் இரண்டாவது மனிதரை மறந்தனர்.

1746ஆம் ஆண்டு இலண்டன் நூல் வணிகர் சிலர் கூடி, ஆங்கிலப் பேரகராதி ஒன்றை ஆக்கித் தருமாறு அவருடன் ஒப்பந்தம் செய்துகொண்டனர். கூலி 1575 பவுன்; தாளும் உதவியாளர் ஊதியமும் அதற்குள் அடக்கம். மூன்று ஆண்டுகளில் முடிப்பதாக ஜான்சன் கூறினார். பிரெஞ்சு அகராதிக்கு நாற்பது அறிஞர்கள் நாற்பது ஆண்டுகள் உழைத்தனர் என நண்பர் ஒருவர் நினைவூட்டியும் அவர் அஞ்சவில்லை. கஃப் சதுக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, அதன் மேல்மாடியில் உயரமான மேசைகள் இட்டு, ஆறு உதவியாளரை அமர்த்தினார். பெரும்புலவர்களின் நூல்களைத் தாமே படித்து, வேண்டிய சொல்லின் கீழ்க் கரிக்கோலால் கோடிட்டு, ஓரத்தில் அச்சொல்லின் முதலெழுத்தைக் குறிப்பார். உதவியாளர் அவ்வரிகளைத் தாளில் பெயர்த்தெழுதி முறைப்படுத்துவர்.

மூன்று ஆண்டுகள் கழிந்தன, அகராதி முடியவில்லை. தாளின் இருபுறமும் எழுதப்பட்ட பகுதி அச்சுக்கோப்பவருக்குப் பயன்படாது போகவே, அதை மீண்டும் படியெடுக்க இருபது பவுன் செலவாயிற்று. பெற்ற முன்பணமோ கரைந்துகொண்டே வந்தது.

இந்நிலையில் அவர் செய்த செயல் வியப்பளிப்பது. பெரும்பணி நகராது நின்றபோது, அவர் மற்றொரு பணியையும் ஏற்றார். 1750ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல், கிழமைக்கு இருமுறை, செவ்வாயும் சனியும் வெளிவரும் கட்டுரை இதழொன்றைத் தொடங்கினார். கட்டுரை ஒன்றுக்கு இரண்டு கினி. பெரும்பாலும் நாள் நெருங்கிய பின்னரே எழுதுவார். முற்பகுதி அச்சேறும்போது பிற்பகுதியை எழுதிக்கொண்டிருப்பார். நோயுற்ற நாளிலும், உள்ளம் சோர்ந்த நாளிலும் இதழ் நின்றதில்லை. இரண்டு ஆண்டுகளில் 208 இதழ்கள் வந்தன. ஒரு சில நீங்கலாக அனைத்தும் அவர் எழுதியவையே. அகராதி மலைபோல் நின்றது. அதன் உச்சி கண்ணுக்குத் தெரியவில்லை. கட்டுரையோ சனிக்கிழமைக்குள் முடிந்துவிடும்.

கடைசி இதழ் 1752ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆம் நாள் வெளிவந்தது. மூன்றாம் நாள் அவர் மனைவியார் இறந்தார். தம்மினும் இருபது ஆண்டு மூத்த அவ்வம்மையார் மீது ஜான்சன் பேரன்பு பூண்டிருந்தார். துயரம் அவரை நெடுங்காலம் வாட்டியது. ஆயினும் மாடியில் உதவியாளர் காத்திருந்தனர். அவர்களுக்கும் ஊதியம் தரவேண்டும். 1755ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அகராதி இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. கணக்குப் பார்த்தபோது, ஒப்பந்தத் தொகைக்கு மேலும் நூறு பவுனுக்குக் குறையாமல் அவர் முன்னரே பெற்றுவிட்டமை தெரியவந்தது. நாடறிந்த அறிஞரின் கையில் பணமில்லை. மறு ஆண்டு, ஆறு பவுனுக்கும் குறைந்த கடனுக்காக அவர் சிறைப்பட்டார். நாவலாசிரியர் ரிச்சர்ட்சன் ஆறு கினி அனுப்பி மீட்டார்.

அதே 1756ஆம் ஆண்டு, ஷேக்ஸ்பியரின் நாடகங்களை ஆராய்ந்து பதிப்பிக்கப்போவதாக அறிவித்து, வாங்க விரும்புவோரிடம் முன்பணம் பெறத் தொடங்கினார். 1757ஆம் ஆண்டுக் கிறிஸ்துமசுக்குள் நூல் வரும் என்றார். பணம் வந்தது, செலவாயிற்று, நூல் வரவில்லை. முன்பணம் கட்டியவரின் பெயர்களை அச்சிடவேண்டாவோ என ஒருவர் வினவியபோது, பெயர்ப்பட்டியல் தொலைந்துவிட்டது, பணமும் தீர்ந்துவிட்டது என அவர் ஒளிவின்றிக் கூறிவிட்டாராம்!

அவர் எழுதாமல் இருந்தார் என்பதன்று. அக்காலத்தில்தான் வாரந்தோறும் கட்டுரை ஒன்று எழுதிவந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் ஒருமுறை, அஞ்சல் புறப்பட எவ்வளவு நேரம் உள்ளது என்று லாங்டன் என்னும் நண்பரை வினவினார். அரைமணி நேரம் என்றார் அவர். ஜான்சன் உடனே அமர்ந்து எழுதி முடித்தார். படித்துப் பார்க்கட்டுமா என நண்பர் கேட்டதற்கு, தாமே படித்துப் பாராததை அவர் படிக்க வேண்டா என்று மறுத்து, மடித்து அனுப்பிவிட்டார். 1759ஆம் ஆண்டு தாயார் இறந்தபோது, ஈமச் செலவுக்கும் சிறு கடன்களுக்கும் பணம் வேண்டி, ஒரு கிழமையின் மாலைப் பொழுதுகளில் ராசெலாஸ் என்னும் கதை நூலை எழுதி முடித்தார். அது நூறு பவுன் ஈட்டியது. ஷேக்ஸ்பியர் பதிப்போ அசையாது கிடந்தது. முன்னரே பெற்று உண்டுவிட்ட கூலிக்கு உழைப்பதினும் அரிய வேலை எழுத்தாளருக்கு வேறில்லை.

1762ஆம் ஆண்டு மன்னர் மூன்றாம் ஜார்ஜ் அவருக்கு ஆண்டுதோறும் 300 பவுன் மானியம் அளித்தார். இனிச் செய்யவேண்டியதற்காக அன்று, இதுவரை செய்ததற்காகவே அளிக்கப்படுகிறது என்று அமைச்சர் உறுதி கூறிய பின்னரே அவர் அதை ஏற்றார். வறுமை அகன்றது, அதனோடு வறுமையின் சாட்டையும் அகன்றது. நண்பகலிலும் அவர் படுக்கையில் இருப்பதை நண்பர்கள் கண்டனர். புத்தாண்டிலும், உயிர்த்தெழுந்த திருநாளிலும், பிறந்தநாளிலும், எட்டு மணிக்கு எழுவதென நாட்குறிப்பில் உறுதி பூணுவார்; அடுத்த ஆண்டும் அதே உறுதியைப் பூணுவார். 1764ஆம் ஆண்டுக் குறிப்பொன்றில், கடந்த ஆண்டு எங்குப் போயிற்று என்றே தெரியவில்லை என்று வருந்தியுள்ளார். சர்ச்சில் என்னும் கவிஞர், முன்பணம் வாங்கி நூல் தராதவர் என அவரை வெளிப்படையாகவே எள்ளிப் பாடினார். நண்பர்களோ, குறித்த நாளுக்குள் முடிப்பதாகப் பணயம் போன்றதோர் உடன்பாட்டில் அவரைச் சிக்கவைத்தனர். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1765ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், ஷேக்ஸ்பியர் பதிப்பு எட்டுத் தொகுதிகளாக வெளிவந்தது. அதன் முன்னுரையை அறிஞர்கள் இன்றும் விரும்பிப் படிக்கின்றனர்.

பணி முடிந்ததும் ஆறுதல் வரும் என்பர். அவருக்கு அது வரவில்லை. 1766ஆம் ஆண்டு பல கிழமைகள் அறையை விட்டு வெளிவராமல், அறிவு பிறழ்ந்துவிடுமோ என்று அஞ்சிக் கிடந்தார். திரேல் என்னும் செல்வரும் அவர் மனைவியாரும் அவரைக் காணச் சென்று, அந்நிலை கண்டு உளம் வருந்தி, ஸ்டிரெத்தம் என்னும் ஊரிலிருந்த தம் மாளிகைக்கு அழைத்துச் சென்றனர். மூன்று திங்களுக்கு மேல் அங்கே தங்கினார். காலம் தவறாத உணவும், குழந்தைகளின் ஆரவாரமும், நள்ளிரவுவரை தேநீர் ஊற்றித் தந்து உரையாடும் அம்மையாரின் பரிவும் அவரைச் சிறிது சிறிதாகத் தேற்றின. பின்னர் அவ்வீட்டில் அவருக்கென்றே ஓர் அறை இருந்தது. உள்ளம் கலங்கும்போது எண் கணக்குகள் போடுவார். வேதியியல் ஆய்வுகளும் செய்து பார்ப்பார். தனித்திருக்கும்போது சோம்பியிராதே, சோம்பியிருக்கும்போது தனித்திராதே என்று இளைய நண்பர் பாஸ்வெல்லுக்கு எழுதினார். தம் பட்டறிவால் கண்டதையே அறிவுரையாக அளித்தார்.

1777ஆம் ஆண்டு நூல் வணிகர் மூவர் அவரை அணுகி, ஆங்கிலக் கவிஞர்களின் பாடல் தொகுதிக்குச் சிறு முன்னுரைகள் எழுதித் தருமாறு வேண்டினர். அவர் தாமாகக் கேட்ட கூலி 200 கினி. ஆயிரம் கேட்டிருந்தாலும் தந்திருப்பர். அப்போது அவருக்கு அகவை 67. சிறு முன்னுரைகள் சில, தனி நூலாகும் அளவுக்கு விரிந்தன. 1779ஆம் ஆண்டு நான்கு தொகுதிகளும், 1781ஆம் ஆண்டு ஆறு தொகுதிகளுமாக 52 கவிஞர் வரலாறுகள் வெளிவந்தன. அவர் நூல்களுள் இதுவே தலைசிறந்தது எனக் கருதுவோர் பலர். முடித்த ஆண்டில், அதனைத் தம் வழக்கப்படியே காலந்தாழ்த்தியும் விரைந்தும், வேலையை வெறுத்தும் ஊக்கத்தோடு உழைத்தும் எழுதியதாகக் குறித்து வைத்தார்.

1784ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் ஜான்சன் இயற்கை எய்தினார். வெஸ்ட்மின்ஸ்டர் பெருங்கோவிலில், முன்னொருநாள் தம்மோடு இலண்டனுக்கு வந்த கேரிக்கின் கல்லறைக்கு அருகே, ஷேக்ஸ்பியரின் நினைவுச் சிலையின் அடியில் அவரை அடக்கம் செய்தனர்.