வெண்டெல் ஸ்காட்

வெண்டெல் ஆலிவர் ஸ்காட் (ஆகஸ்ட் 29, 1921 – டிசம்பர் 23, 1990) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கார்ப் பந்தய ஓட்டுநர் ஆவார். நாஸ்கார் அமைப்பின் முதல்நிலைத் தொடரில் பந்தயம் ஒன்றை வென்ற முதல் கறுப்பினத்தவர் இவரே. 1963 டிசம்பர் 1 அன்று புளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரில் இவர் பெற்ற அவ்வெற்றியே அத்தொடரில் இவரது முதல் வெற்றியும் ஒரே வெற்றியும் ஆகும். எனினும் அன்று மைதானத்தில் வெற்றியாளராக அறிவிக்கப்பட்டவர் வேறொருவர்.

ஸ்டாக் கார் பந்தயம்

பந்தயத்திற்கென்றே தனியாக வடிவமைக்கப்படும் ஃபார்முலா கார்களைப் போலன்றி, கடைகளில் விற்கப்படும் கார்களையே வலுப்படுத்தி ஓட்டுவதாகத் தொடங்கியது ஸ்டாக் கார் பந்தயம். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் நடைபெறும் டூரிங் கார் பந்தயங்களை இதற்கு ஓரளவு ஒப்பிடலாம். ஆனால் தடம் முற்றிலும் வேறு. இருங்காட்டுக்கோட்டைத் தடம் இடமும் வலமுமாக வளைந்து செல்லும் 3.7 கி.மீ. நீளமுடையது. ஸ்டாக் கார்கள் பெரும்பாலும் நீள்வட்டத் தடத்தில் இடப்புறமாகவே திரும்பித் திரும்பி நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஓடுகின்றன. இப்பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு 1948 இல் நிறுவப்பட்டது.

இளமை

ஸ்காட் வர்ஜீனியா மாநிலத்தின் டான்வில் நகரில் பிறந்தார். கார் ஓட்டுநராகவும் பழுது நீக்குபவராகவும் பணியாற்றிய தந்தையிடம் இயந்திர நுட்பங்களைக் கற்றார். வாடகைக் கார் ஓட்டினார். இரண்டாம் உலகப் போரின்போது, வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனிப் பிரிவுகளாக வைக்கப்பட்டிருந்த அமெரிக்கத் தரைப்படையில் ஐரோப்பாவில் பணிபுரிந்தார். 1943 இல் மேரி கோல்ஸ் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஏழு குழந்தைகள்.

போருக்குப் பின் டான்வில்லில் கார்ப் பட்டறை நடத்திய ஸ்காட், வருமானத்திற்காக இரவு நேரங்களில் கள்ளச் சாராயம் கடத்தினார். காவலர்களிடமிருந்து தப்ப வேகமான காரும் அதைவிடத் தேர்ந்த கையும் வேண்டும். அக்காலத்துப் பந்தய ஓட்டுநர்கள் பலருக்கும் இதுவே பயிற்சிக் களமாக இருந்தது. ஸ்காட் 1949 இல் ஒரு முறை மட்டும் பிடிபட்டு, சிறை செல்லாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்டார்.

பந்தய வாழ்க்கை

1952 இல் டான்வில் பந்தய அமைப்பாளர்கள் கூட்டத்தை ஈர்ப்பதற்காகக் கறுப்பின ஓட்டுநர் ஒருவரைத் தேடினர். அவர்கள் காவல்துறையினரிடம் விசாரித்தபோது, காவலர்கள் தாங்கள் துரத்திச் சலித்த ஸ்காட்டின் பெயரையே பரிந்துரைத்தனர். இதைவிட நேர்மையான சான்றிதழ் ஓர் ஓட்டுநருக்குக் கிடைப்பது அரிது. அவ்வாண்டு மே 23 அன்று முதல் பந்தயத்தில் பங்கேற்ற ஸ்காட், பன்னிரண்டு நாட்களுக்குள் லிஞ்ச்பர்க் நகரில் தம் முதல் உள்ளூர் வெற்றியைப் பெற்றார். ஆயினும் நாஸ்கார் பந்தயங்களுக்குச் சென்றபோது நிறத்தைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பப்பட்டார். சில ஆண்டுகளுக்குப் பின்னரே உரிமம் கிடைத்தது. 1959 இல் வர்ஜீனியா மாநில வாகையர் பட்டம் வென்ற இவர், 1961 இல் முதல்நிலைத் தொடரான கிராண்ட் நேஷனலில் நுழைந்தார்.

பெரிய அணிகளுக்குக் கார் நிறுவனங்களின் ஆதரவு இருந்தது. ஸ்காட்டுக்கோ பழைய கார்களும் பிறர் பயன்படுத்திக் கழித்த உதிரிப் பாகங்களுமே கிடைத்தன. இயந்திரத்தைத் தாமே சீரமைத்தார், மகன்களே உதவியாளர்கள்.

ஜாக்சன்வில், 1963

அது அமெரிக்காவில் இனச் சமத்துவப் போராட்டம் உச்சத்தில் இருந்த ஆண்டு. மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய வாஷிங்டன் பேரணி நடந்த ஆகஸ்ட் 28, தற்செயலாக ஸ்காட்டின் 42 ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாளாகும். ஜாக்சன்வில் பந்தயத்திற்கு ஒன்பது நாட்கள் முன்பு குடியரசுத் தலைவர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார்.

பந்தயம் அரை மைல் (0.8 கி.மீ.) நீள மண் தடத்தில் 200 சுற்றுகள், அதாவது ஏறத்தாழ சென்னையிலிருந்து விழுப்புரம் வரையுள்ள தொலைவு. நெட் ஜாரெட் என்ற ஓட்டுநரிடமிருந்து வாங்கிய செவர்லே காரை ஸ்காட் ஓட்டினார். 25 சுற்றுகள் எஞ்சியிருந்தபோது ரிச்சர்ட் பெட்டியைக் கடந்து முன்னிலை பெற்றார். ஆனால் 200 சுற்றுகளை முடித்தபோது முடிவுக் கொடி அசைக்கப்படவில்லை. அவர் தொடர்ந்து ஓடினார். இரண்டாம் இடத்தில் இருந்த பக் பேக்கர் வெற்றியாளராக அறிவிக்கப்பட்டு, கோப்பையையும் பெற்றுச் சென்றார்.

அக்காலத்தில் சுற்றுகளை மனிதர்களே எண்ணி அட்டைகளில் குறித்து வந்தனர். எனவே பிழைக்கு இடமுண்டு. எனினும் இரண்டு சுற்றுகள் முன்னிலையில் இருந்தவரின் கணக்கு மட்டும் தவறியதைத் தற்செயல் என்று கொள்வது கடினம். வெற்றியாளருக்கு அழகுராணி முத்தமிடும் வழக்கம் இருந்ததால், வெள்ளைப் பெண் கறுப்பின ஆணை முத்தமிடும் காட்சியைத் தவிர்க்கவே இவ்வாறு செய்யப்பட்டதாகப் பலரும் கருதுகின்றனர். ஸ்காட் முறையிட்டபின், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து, அவர் 202 சுற்றுகள் ஓடியிருந்தது ஒப்புக்கொள்ளப்பட்டது. அதற்குள் பார்வையாளர்கள் கலைந்துவிட்டனர். பரிசுத்தொகை கிடைத்தது, உரிய கோப்பை அவர் வாழ்நாளில் கிடைக்கவேயில்லை.

பிற்காலம்

1966 இல் தொடரின் புள்ளிப் பட்டியலில் ஆறாம் இடம் பெற்றார். அடுத்த மூன்று ஆண்டுகளும் முதல் பத்து இடங்களுக்குள் வந்தார். 1973 மே மாதம் அலபாமாவின் தலடேகா தடத்தில் ஏற்பட்ட பெரும் விபத்தில் படுகாயமுற்றார். அவ்வாண்டு இறுதியில் ஒரே ஒரு பந்தயத்தில் ஓடி 12 ஆம் இடம் பெற்று ஓய்வு பெற்றார். மொத்தம் 495 பந்தயங்களில் 147 முறை முதல் பத்து இடங்களுக்குள் வந்துள்ளார். 1977 இல் இவரது வாழ்க்கையைத் தழுவி எடுக்கப்பட்ட திரைப்படத்தில் ரிச்சர்ட் பிரையர் நடித்தார். டான்வில்லில் பட்டறைத் தொழிலைத் தொடர்ந்த ஸ்காட், 1990 இல் முதுகுத்தண்டுப் புற்றுநோயால் காலமானார்.

இறப்பிற்குப் பின்

2010 இல் ஜாக்சன்வில் பந்தய ஆர்வலர் அமைப்பு ஒன்று ஸ்காட் குடும்பத்தினருக்குக் கோப்பை ஒன்றை வழங்கியது. 2015 இல் நாஸ்கார் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். அங்கு இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் இவரே. நாஸ்கார் தன் சார்பில் ஜாக்சன்வில் வெற்றிக்கான கோப்பையை அளித்தது 2021 ஆகஸ்ட் 28 அன்று, ஸ்காட்டின் நூறாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாளில். அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று தலடேகாவில் புப்பா வாலஸ் வென்றார். முதல்நிலைத் தொடரில் பந்தயம் வென்ற இரண்டாவது கறுப்பின ஓட்டுநர் அவர்.