வானில் வென்ற இளைஞர் இந்திர லால் ராய்



பூச்சோங்கில் இருக்கிற நமக்கு விமானச் சத்தம் புதிதல்ல. சுபாங் விமான நிலையம் கூப்பிடு தூரம் மாதிரிதான். பாடம் நடக்கும்போது மேலே ஒரு விமானம் போனால் போதும், வகுப்பில் பாதித் தலைகள் சன்னல் பக்கம் திரும்பிவிடும். ஒளிப்பானேன், நானும் ஒரு நிமிடம் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பதுண்டு. பெரியவர்களானதும் என்ன வேலைக்குப் போவீர்கள் என்று கேட்டால், வகுப்புக்கு நாலு பேராவது விமானி என்கிறீர்கள். அதிலும் போர் விமானந்தான் வேண்டுமாம்!

நல்ல ஆசைதான். அந்த ஆசையுள்ள பிள்ளைகளுக்காகவும், இன்று மேடையேறிப் பரிசு வாங்காமல் கீழே உட்கார்ந்து கைதட்டும் பிள்ளைகளுக்காகவும் ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்லப் போகிறேன். அவர் பெயர் இந்திர லால் ராய். நூறு ஆண்டுகளுக்கு முன்பே போர் விமானம் ஓட்டிய இந்தியர். முதலில் ஒதுக்கப்பட்டவர், அடுத்து விழுந்தவர், அதற்குப் பிறகே வென்றவர்.

இந்திர லால் ராய் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் பியாரி லால் ராய், பாரிஸ்டர் படித்த வழக்கறிஞர். தாயார் லலிதா ராய். பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பம் இலண்டனில் குடியிருந்தது. அந்த அம்மையாரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று 1911-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இலண்டன் மாநகரில் மாபெரும் ஊர்வலம் நடந்தது. அதில் சேலை உடுத்தி நடந்த இந்தியப் பெண்களுள் அவரும் ஒருவர். மூத்த மகன் பரேஷ் லால் ராய் பிற்காலத்தில் இந்தியாவில் குத்துச்சண்டையை வளர்த்தவர். பணிந்து ஒதுங்கிப் பழக்கமில்லாத குடும்பம் என்று தெரிகிறதல்லவா?

இந்திர லால் இலண்டனில் செயின்ட் பால்ஸ் என்ற புகழ்பெற்ற பள்ளியில் படித்தார். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டபோது அவருக்கு வயது பதினைந்து. பள்ளியின் மாணவர் படையில் சேர்ந்து பயிற்சி செய்தார். பதுங்குகுழியிலிருந்து குண்டு எறியும் கருவி ஒன்றைத் தானே வரைந்து போர் அமைச்சுக்கு அனுப்பினார் என்றால், அவர் மனம் எங்கே இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பதினெட்டு வயது நிறைந்ததும் விமானப் படைக்கு மனுப் போட்டார். அந்தக் காலத்தில் பிரிட்டனில் அதற்கு அரச பறக்கும் படை என்று பெயர். மருத்துவப் பரிசோதனை நடந்தது. கண் பார்வை போதாது என்று தள்ளிவிட்டார்கள். அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நாமாக இருந்தால் வீட்டுக்குப் போயிருப்போம். அவர் போகவில்லை. ஆசை ஆசையாய் வைத்திருந்த மோட்டார் சைக்கிளை விற்றார். அந்தப் பணத்தைக் கொண்டு பெயர்பெற்ற கண் மருத்துவர் ஒருவரிடம் மறுபடியும் கண்ணைக் காட்டினார். பார்வை நன்றாகவே இருக்கிறது என்று முடிவு வந்தது. முதல் தீர்ப்பு மாறியது. 1917-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் படையில் சேர்ந்தார். அதே ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார்.

இனிமேல்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். விமானியின் வாழ்க்கை என்றால் சினிமாவில் வருவதுபோல் மூக்குக் கண்ணாடியும் தோல் சட்டையும் மட்டுமல்ல. அந்தக் காலத்து விமானம் மரச் சட்டத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டி, மேலே மெழுகு மாதிரி ஒரு பூச்சுப் பூசியது. விமானி உட்காரும் இடத்துக்கு மேல் கூரை கிடையாது. பதினைந்தாயிரம் அடிக்கு மேலே போனால் காற்று ஊசியாய்க் குத்தும். முகம் உறைந்து புண்ணாகாமலிருக்க விலங்குக் கொழுப்பை எடுத்து அப்பிக்கொள்வார்கள். மூச்சுக்குப் பிராணவாயுக் குப்பி கிடையாது. விமானம் தீப்பிடித்தால் குதிப்பதற்குப் பிரிட்டிஷ் போர் விமானிகளுக்குப் பாராசூட்டும் கொடுக்கவில்லை.

பயிற்சியின்போது முதலில் ஆசிரியரும் மாணவரும் ஒரே விமானத்தில் ஏறுவார்கள். இயந்திரச் சத்தத்தில் காது கேட்காது. ஆகையால் இருவருக்கும் நடுவே ஒரு குழாய் வைத்து, அதன் வழியாகத்தான் ஆசிரியர் பாடம் சொல்வார். ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதுதான் கடினம். தரை எத்தனை அடி கீழே இருக்கிறது என்று கண்ணாலேயே அளக்க வேண்டும். கொஞ்சம் உயரத்திலேயே நிறுத்திவிட்டால் பொத்தென்று விழும். கொஞ்சம் தாமதித்தால் மூக்கு மண்ணில் குத்தும். விமானம் பம்பரம் மாதிரி சுழன்று விழ ஆரம்பித்தால் அதிலிருந்து மீளவும் பழக வேண்டும். விமானத்தைத் தூக்கத்தான் கை துடிக்கும். ஆனால் அந்த நேரத்தில் பிடியை முன்னால் தள்ளி மூக்கைத் தாழ்த்த வேண்டும். சுழலும் திசைக்கு எதிராகக் காலை மிதிக்க வேண்டும். பயத்தை மீறி இதைச் செய்வதற்குத்தான் பயிற்சி. எதிரியைக் காணாமலே, பயிற்சியிலேயே மாண்டுபோன இளைஞர்கள் ஏராளம்.

இந்திர லால் பிரான்சில் வாந்தோம் என்ற இடத்தில் பறக்கக் கற்றார். ஸ்காட்லாந்துக் கடற்கரையில் டர்ன்பெரி என்ற இடத்தில் வானத்திலிருந்து சுடக் கற்றார். உண்டிக்கோலால் பறக்கிற பறவையை அடித்துப் பார்த்த பையன்களுக்கு இது புரியும். பறவை இருக்கிற இடத்தைக் குறி வைத்தால் கல் பின்னால் போய்விடும். அது போகப் போகிற இடத்தைக் குறி வைக்க வேண்டும். இங்கேயோ குறி வைப்பவனும் பறந்துகொண்டிருக்கிறான்!

1917 அக்டோபர் கடைசியில் அவர் பிரான்சுப் போர்முனைக்கு, 56-ஆம் படைப்பிரிவுக்கு அனுப்பப்பட்டார். பெயர்பெற்ற விமானிகள் இருந்த பிரிவு அது. அங்கே எஸ்.இ.5 என்னும் விமானம். ஒரே ஆள், ஒரே இருக்கை, இரண்டு துப்பாக்கிகள். ஒன்று சுழலும் விசிறிக்கு நடுவே சுடும். மற்றொன்று மேல் இறக்கையின் மேலே இருக்கும். அதற்குக் குண்டு மாற்ற வேண்டுமானால் முழங்காலால் பிடியை இறுக்கிக்கொண்டு கையை மேலே நீட்ட வேண்டும். நல்ல விமானிகள் ஒவ்வொரு குண்டையும் தாங்களே பார்த்து அடுக்குவார்கள். ஒரு கோணல் குண்டு சிக்கிக்கொண்டால் உயிர் போய்விடும்.

போன சில வாரங்களிலேயே விபத்து. தரையிறங்கும்போது விமானம் நொறுங்கியது. இந்திர லால் படுகாயமடைந்து மருத்துவமனையில் கிடந்தார். இனிப் பறக்கத் தகுதியில்லை என்று மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். முதல் முறை கண்; இந்த முறை முழு உடம்பும்! படுக்கையிலே இருந்தபடி அவர் என்ன செய்தார் தெரியுமா? பென்சிலை எடுத்து விமானங்களைப் படம் படமாக வரைந்தார். அவற்றில் பல இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. உடம்பு தேறியதும் மேலதிகாரிகளிடம் மன்றாடி, மறுபடியும் தகுதி பெற்றார். 1918 ஜூன் மாதம் 40-ஆம் படைப்பிரிவில் சேர்ந்தார். இதற்குள் அரச பறக்கும் படை கடற்படையின் விமானப் பிரிவோடு இணைந்து அரச விமானப் படை ஆகியிருந்தது.

இங்கேதான் அவருக்கு நல்ல ஆசான் அமைந்தார். அவர் அணியின் தலைவர் ஜார்ஜ் மெக்கெல்ராய் என்ற ஐரிஷ்காரர். அந்த மெக்கெல்ராய்க்கு அதே 40-ஆம் பிரிவில் வழிகாட்டியவர் எட்வர்ட் மேனக். புதிதாக வரும் இளைஞர்களைப் பொறுமையாகப் பழக்குவதில் மேனக் பெயர் வாங்கியவர். எதிரிக்கு மேலே உயரத்தில் இரு, அவசரப்படாதே, கூட்டத்தை விட்டுப் பிரியாதே. இவைதாம் அவர் வழி. குருவுக்குச் சீடர், அந்தச் சீடருக்கு ஒரு சீடர் என்று வித்தை கை மாறியது. நம்ம பள்ளிக்கூடத்திலும் அப்படித்தானே?

1918 ஜூலை 6-ஆம் நாள் இந்திர லால் முதல் எதிரி விமானத்தை வென்றார். 8-ஆம் நாள் நான்கு மணி நேரத்துக்குள் மூன்று. 13-ஆம் நாள் இரண்டு, 15-ஆம் நாள் இரண்டு, 18-இல் ஒன்று, 19-இல் ஒன்று. பதின்மூன்றே நாள்களுக்கு முன்னும் பின்னுமாகப் பத்து வெற்றிகள்! அவற்றுள் இரண்டு மற்ற விமானிகளோடு சேர்ந்து பெற்றவை. முதல் உலகப் போரில் அந்தப் பெருமையை எட்டிய ஒரே இந்தியர் அவர்தான். ஏழு மாதம் முன்பு ஒழுங்காகத் தரையிறங்க முடியாமல் நொறுங்கியவரும் இவரேதான். ஆள் மாறவில்லை, பிள்ளைகளே. பயிற்சி மாறியது, காட்டிக் கொடுத்த கை மாறியது.

ஆனால் கதை இதோடு முடிந்துவிடவில்லை. உள்ளதைச் சொல்லாமல் விட்டால் நான் ஆசிரியரே அல்ல. கடைசி வெற்றிக்கு மூன்று நாள் கழித்து, 1918 ஜூலை 22-ஆம் நாள், பிரான்சில் கார்வின் என்ற ஊருக்கு மேலே ஜெர்மானிய விமானங்களோடு நடந்த சண்டையில் இந்திர லால் விழுந்து மாண்டார். வயது பத்தொன்பது. இருபதாம் பிறந்த நாளுக்கு இன்னும் நாலு மாதத்துக்கு மேல் இருந்தது. அதற்கு நான்கு நாள் கழித்து, 26-ஆம் நாள், மேனக் மாண்டார். 31-ஆம் நாள் மெக்கெல்ராயும் மாண்டார். பத்தே நாளில் மூன்று தலைமுறை ஆசானும் சீடனும் போய்விட்டார்கள். நவம்பர் 11-இல் போர் ஓய்ந்தபோது மூவரில் ஒருவரும் இல்லை.

இறந்த பிறகு, 1918 செப்டம்பரில், சிறப்புப் பறத்தல் சிலுவை என்ற விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. அவர் உடல் பிரான்சில் எஸ்தவெல் என்ற சிற்றூரின் இடுகாட்டில் இருக்கிறது. கல்கத்தாவில் ஒரு தெருவுக்கு அவர் பெயர். 1998-இல் அவருடைய நூற்றாண்டுக்கு இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.

அன்றைக்கு இந்தியா அடிமை நாடு. அந்தப் போரில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியப் படையினர் கடல் கடந்து போனார்கள். ஏறத்தாழ 74,000 பேர் திரும்பவில்லை. யாருக்காகச் செத்தார்கள் என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. நானும் கேட்டுக்கொண்டதுண்டு. போர் பெரிது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு வீட்டில் பத்தொன்பது வயது மகன் திரும்பி வரவில்லை என்றால் எந்தப் பதக்கமும் அந்தத் தாய்க்கு ஈடாகாது. நான் உங்களிடம் கொடுக்க நினைப்பது அவருடைய மரணத்தை அல்ல; அந்த மோட்டார் சைக்கிளை.

ஏன் என்று சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பின் வரிசை. கரும்பலகையில் எழுதியதை எப்போதும் தப்பாகவே எழுதுவான். மக்கு என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாள் பந்து விளையாடும்போது எதிரே வந்த பந்தை அவன் பார்க்கவே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் அம்மாவிடம் சொன்னேன். காலையில் தொழிற்சாலை வேலை, மாலையில் கடை வேலை பார்க்கிறவர். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பையனைக் கண் கடைக்கு அழைத்துப் போனார். கண்ணாடி வந்தது. மறுநாள் அந்தப் பையன் சன்னல் வழியே பார்த்து, மரத்தில் இலை தனித்தனியாகத் தெரிகிறது என்று ஆச்சரியப்பட்டான். இரண்டு ஆண்டுகளாக அவனுக்குத் தெரியாத பாடத்துக்கு அவனையே குற்றம் சொல்லியிருந்தோம்!

இந்திர லாலிடம் விற்பதற்கு மோட்டார் சைக்கிள் இருந்தது. பாரிஸ்டர் வீட்டுப் பிள்ளை. நம் பிள்ளைகளிடம் இல்லை. அவர்களுக்காக அதை விற்க வேண்டியவர்கள் நாம்தான், பெற்றோர்களே, ஆசிரியர்களே. ஒருவர் முடியாது என்று எழுதிவிட்டால் இன்னொரு முறை காட்டிப் பாருங்கள். கண்ணை மட்டுமல்ல, கணக்கையும், வாசிப்பையும், திக்கும் நாக்கையும்.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்கியவர்களை மனமார வாழ்த்துகிறேன். வாங்காதவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் இன்னும் 56-ஆம் பிரிவில் இருக்கிறீர்கள். 40-ஆம் பிரிவு பாக்கி இருக்கிறது. அடுத்த முறை நம் பள்ளிக்கு மேலே விமானம் போகும்போது தாராளமாகப் பாருங்கள். பார்த்துவிட்டுப் பாடத்துக்குத் திரும்பிவிடுங்கள். கரும்பலகை சரியாகத் தெரியவில்லை என்றால் மறைக்காமல் கையைத் தூக்குங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!