தொட்டறிந்த கைகள்

என் அத்தையின் வயிறு வீங்கத் தொடங்கியபோது நான் நான்காம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அத்தைக்குத் திருமணம் ஆகவில்லை. ஆகவே, எங்கள் தாமானில் வாய்கள் சும்மா இருக்கவில்லை. நெருங்கிய உறவினர் சிலரே பாட்டியின் காதுபடப் பேசினார்கள். அத்தை கோவிலுக்குப் போவதை நிறுத்தினார். பிறகு வேலைக்குப் போவதையும் நிறுத்தினார். முதலில் சென்ற கிளினிக்கில் வாயுத் தொல்லை என்று சொல்லி, இரண்டு முறை மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிறகு வேறோர் இடத்தில், இளம் பெண் மருத்துவர் ஒருவர் அத்தையைப் படுக்கவைத்து, வயிற்றில் கை வைத்து நிதானமாக அழுத்திப் பார்த்தார். ஸ்கேன் எடுக்க அனுப்பினார். சூலகத்தில் தேங்காய் அளவுக்கு ஒரு நீர்க்கட்டி! அறுவைச் சிகிச்சை முடிந்து ஐந்தாம் நாள் அத்தை வீடு திரும்பினார். பேசிய வாய்களே பழம் வாங்கிக்கொண்டு நலம் விசாரிக்க வந்தன.

பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவம் படிக்க வந்த பிறகு, பாடத்திற்காக மருத்துவ வரலாற்றைப் புரட்டியபோது ஒரு பெயர் என்னை நிறுத்தியது. எஃப்ரெயிம் மெக்டவல். சூலகக் கட்டியை வயிற்றைத் திறந்து அகற்றி, நோயாளியைப் பிழைக்கவைத்த முதல் மருத்துவராக வரலாறு குறிப்பிடுவது இவரைத்தான். ஆண்டு 1809. அந்த ஆண்டைப் படித்ததும் எனக்கு அத்தையின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அந்த மனிதரின் வாழ்வை நம் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதன் விளைவே இக்கட்டுரை.

மெக்டவல் 1771ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்தார். அவருக்குப் பதின்மூன்று வயதானபோது குடும்பம் மலைகளைக் கடந்து கென்டக்கிப் பகுதியிலுள்ள டான்வில் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. காடு வெட்டி ஊராக்கிக்கொண்டிருந்த காலம் அது. மருத்துவக் கல்லூரி அங்கே ஏது? வர்ஜீனியாவின் ஸ்டான்டன் நகரில் அலெக்சாண்டர் ஹம்ஃப்ரீஸ் என்ற மருத்துவரிடம் தொழில் பயின்றார். பிறகு 1793இல் கடல் கடந்து ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்குச் சென்று, புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜான் பெல்லின் பாடங்களைக் கேட்டார். ஆனால், பட்டம் பெறாமலேயே ஊர் திரும்பினார். 1795இல் டான்வில்லில் மருத்துவத் தொழிலைத் தொடங்கினார். 1802இல், கென்டக்கியின் முதல் ஆளுநரான ஐசக் ஷெல்பியின் மகள் சாராவை மணந்தார்.

அவருடைய வாழ்க்கையின் திருப்பம் 1809 டிசம்பரில் வந்தது. ஏறக்குறைய 60 மைல் தொலைவில் வாழ்ந்த ஜேன் டாட் கிராஃபோர்ட் என்ற பெண்மணியைப் பார்க்க வருமாறு அழைப்பு வந்தது. நாற்பது வயதைக் கடந்தவர், பிள்ளைகளைப் பெற்றவர். வயிறு பெருத்து, பிரசவ வலி போன்ற வலியில் துடித்தார். அங்கிருந்த மருத்துவர்கள் அவர் கருவுற்றிருப்பதாகவும், பிரசவக் காலம் கடந்துவிட்டதாகவும் முடிவு செய்திருந்தார்கள். பிள்ளையை வெளியே எடுக்க உதவுவதற்குத்தான் மெக்டவலை அழைத்தார்கள்.

குதிரையில் அவ்வளவு தூரம் வந்தவர், மற்றவர்கள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. முதலில் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். வீக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கையால் தள்ளினால் மறுபக்கம் எளிதாக நகர்ந்தது. பிறகு உள்வழியாகக் கருப்பையைச் சோதித்தார். அதில் ஒன்றுமே இல்லை! பிள்ளை இல்லையென்றால் இது என்ன? சூலகம்தான் இவ்வளவு பெரிதாகிவிட்டது என்று முடிவுக்கு வந்தார். ஸ்கேன் இல்லை, எக்ஸ்ரே இல்லை, இரத்தப் பரிசோதனை இல்லை. இரண்டு கைகளும் கொஞ்சம் நிதானமும்தான் அவரிடம் இருந்த கருவிகள்.

நோயைக் கண்டறிந்தாயிற்று. ஆனால், மருந்து? வயிற்றைத் திறந்தால் உள்ளே அழற்சி பரவி நோயாளி இறப்பது உறுதி என்பதே அன்றைய மருத்துவ உலகின் நம்பிக்கை. மெக்டவல் அந்தப் பெண்ணிடம் எதையும் மறைக்கவில்லை. கட்டியைத் தம் அறிவுக்கு எட்டியவரை யாரும் இப்படி அகற்றியதில்லை, இது ஒரு சோதனை முயற்சி, உயிருக்கு ஆபத்து உண்டு என்று விளக்கினார். அதற்கும் துணிந்தால் டான்வில்லுக்கு வரலாம் என்றார். அவரைத் தேற்றிப் பொய் சொல்லியிருந்தால், இந்தக் கதையை நான் எழுதியிருக்க மாட்டேன்.

ஜேன் துணிந்தார். டிசம்பர் குளிரில், அந்தப் பெருத்த வயிற்றைச் சேணத்தின் முன்முனையில் சாய்த்துக்கொண்டு, குதிரையேறி 60 மைல் பயணம் செய்தார். கிறிஸ்துமஸ் நாளன்று அறுவைச் சிகிச்சை நடந்ததாக வழிவழியாகச் சொல்லப்படுகிறது. மருத்துவமனையில் அன்று; மெக்டவலின் சொந்த வீட்டில். மயக்க மருந்தாக ஈதர் 1846இல்தான் உலகறிய வந்தது. கிருமிகளை ஒழித்து அறுவை செய்யும் முறையை ஜோசப் லிஸ்டர் வெளியிட்டது 1867இல். இவ்விரண்டும் இல்லாத காலத்தில், விழித்திருந்த ஒரு பெண்ணின் வயிற்றின் இடப்பக்கத்தில் 9 அங்குல நீளத்திற்குக் கீறினார் மெக்டவல்.

வயிறு திறந்ததும் குடல்கள் மேசைமேல் சரிந்தன. சிகிச்சை முடியும்வரை அவற்றை உள்ளே தள்ள முடியவில்லை. கட்டியோ முழுதாக வெளியே எடுக்க முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்தது. எனவே, கருப்பைக்கு அருகில் கருக்குழாயை உறுதியான நூலால் இறுக்கிக் கட்டிவிட்டு, கட்டியைக் கிழித்து உள்ளிருந்த கூழ் போன்ற பொருளை முதலில் வெளியேற்றினார். அது மட்டும் 15 பவுண்டு. பிறகு அறுத்தெடுத்த பை ஏழரைப் பவுண்டு. மொத்தம் 22.5 பவுண்டு, அதாவது பத்துக் கிலோவுக்கும் மேல். நம் வீட்டில் வாங்கும் பத்துக் கிலோ அரிசி மூட்டையை ஒருமுறை தூக்கிப் பாருங்கள், அந்தப் பெண் சுமந்தது என்னவென்று புரியும். அவரை இடப்பக்கமாகத் திருப்பி உள்ளே தேங்கிய இரத்தத்தை வடியவிட்டு, காயத்தைத் தைத்து மூடினார். எல்லாம் 25 நிமிடங்களில் முடிந்தன. வலியைப் பொறுக்க ஜேன் பக்திப் பாடல்களைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதும் வழிவழிச் செய்தியே.

ஐந்தாம் நாள் நோயாளியைப் பார்க்கச் சென்ற மருத்துவர் திகைத்துப்போனார். ஜேன் எழுந்து தம் படுக்கையைத் தாமே சரிசெய்துகொண்டிருந்தார்! இருபத்தைந்து நாள்களில் நலமாக வீடு திரும்பினார். அதன்பின் 32 ஆண்டுகள் வாழ்ந்து, 1842இல் மறைந்தார்.

இவ்வளவு பெரிய செயலைச் செய்தவர் உடனே பறை அறிவிக்கவில்லை. மேலும் இரண்டு பெண்களுக்கு அதே சிகிச்சையைச் செய்த பின்னரே, 1817இல் பிலடெல்பியாவில் வெளிவந்த ஒரு மருத்துவ ஏட்டில் மூன்று பேரைப் பற்றியும் சுருக்கமாக எழுதினார். பாராட்டுக் கிடைத்ததா? இல்லை. விவரங்கள் போதவில்லை என்று உள்நாட்டிலேயே குறை சொன்னார்கள். இலண்டன் மருத்துவ ஏடொன்றின் ஆசிரியரான ஜேம்ஸ் ஜான்சன், அமெரிக்கக் காட்டோரத்திலிருந்து வந்த செய்தி என்பதாலேயே நம்ப மறுத்து எள்ளி எழுதினார்.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்குப் பழைய நினைவொன்று வந்தது. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்று, புகுமுக வகுப்பை முடித்து முதலாம் படிவம் ஏறியிருந்தேன். அறிவியல் தேர்வில் நான் அதிகப் புள்ளி எடுத்தபோது, யாரைப் பார்த்து எழுதினாய் என்று ஓர் ஆசிரியர் கேட்டார். என் விடைத்தாளைவிட நான் வந்த இடம்தான் அவர் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தது. அன்று நான் ஒன்றும் பேசவில்லை. அடுத்த தேர்வையும் நன்றாக எழுதினேன். மெக்டவலும் அதைத்தான் செய்தார். 1819இல் மேலும் சில நோயாளிகளைப் பற்றி எழுதினார். 1825இல் மேரிலாந்து பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு மருத்துவப் பட்டம் வழங்கியது. பட்டம் பெறாமல் திரும்பி முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன! எள்ளிய ஜான்சனும் 1826இல் தம் ஏட்டிலேயே தவற்றை ஒப்புக்கொண்டார்.

அவரை வெறும் வீரராக மட்டும் காட்டிவிட்டு நான் நகர முடியாது. 1817 அறிக்கையில் வரும் மற்ற இரு நோயாளிகளும் கறுப்பினப் பெண்கள். கென்டக்கி அடிமைமுறை நிலவிய மாநிலம். ஜேனுக்கு ஆபத்தை விளக்கிச் சம்மதம் கேட்டது போல, அவர்களிடமும் யாராவது கேட்டார்களா? மாட்டேன் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்ததா? அந்த அறிக்கையில் அவர்களின் பெயர்கூட இல்லை. ஜேனின் பெயர் நிலைத்தது. அதே கத்தியின் கீழ் அதே வலியைத் தாங்கியவர்களின் பெயர் மறைந்தது. தோட்டப் பாட்டாளிகளின் பேரப் பிள்ளைகளான நமக்கு, பெயரில்லாமல் போனவர்களின் வலி புரியாதா என்ன?

மெக்டவல் வேறு பல சிகிச்சைகளிலும் கைதேர்ந்தவர். 1812இல் சிறுநீர்ப்பைக் கல்லால் அவதிப்பட்ட ஓர் இளைஞனைக் குணப்படுத்தினார். அவர்தான் பின்னாளில், 1845இல், அமெரிக்க அதிபராகப் பதவியேற்ற ஜேம்ஸ் போல்க்.

முடிவுதான் மனத்தைப் பிசைகிறது. 1830ஆம் ஆண்டு ஜூன் மாதம் மெக்டவலுக்குக் கடுமையான வயிற்று வலியும் காய்ச்சலும் வந்தன. சில நாள்களில், தம் 58ஆம் வயதில், டான்வில்லில் காலமானார். குடல்வால் அழற்சியே காரணமாக இருக்கலாம் என்பது பின்வந்தவர்களின் கணிப்பு. இன்று சாதாரணமாகச் செய்யப்படும் அறுவைச் சிகிச்சை அது. ஆனால், அந்த நோயை ரெஜினால்ட் ஃபிட்ஸ் தெளிவாக விளக்கி, குடல்வாலை விரைந்து அகற்ற வேண்டுமென்று வலியுறுத்தியது 1886இல்தான். பிறர் வயிற்றைத் திறந்து உயிர்காத்தவரின் வயிற்றைத் திறக்க அன்று யாரும் இல்லை!

1929இல் கென்டக்கி மாநிலம் அவருடைய சிலையை அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்திற்கு வழங்கியது. 1959இல் அவருடைய உருவம் தாங்கிய அஞ்சல்தலையும் வெளிவந்தது. அறுவை நடந்த வீடு அருங்காட்சியகமாகியது. இந்தப் பெருமைகள் எல்லாம் கத்தியைப் பிடித்த கைக்குக் கிடைத்தவை. எனக்கோ, கத்தியை எடுப்பதற்கு முன்பு, எல்லாரும் முடிவு கட்டிவிட்ட ஒரு வயிற்றின்மேல் பொறுமையாகப் பதிந்த அந்தக் கைதான் பெரிதாகத் தெரிகிறது.

அத்தை இப்போது நலமாக இருக்கிறார். மீண்டும் வேலைக்குப் போகிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்கும் போகிறார். விடுமுறையில் வீட்டுக்குச் சென்றபோது ஜேனின் கதையை அவரிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, அந்த அம்மாவின் ஊர்க்காரர்களும் ஏதாவது பேசினார்களா என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

நண்பர்களே, நம்மில் சிலர் மருத்துவராகலாம்; பலர் ஆசிரியராக, அதிகாரியாக, வழக்கறிஞராக ஆகலாம். எவர் ஒருவரைப் பற்றியும் ஊர் முடிவு செய்துவிட்டதே என்று நாமும் முடிவு செய்துவிட வேண்டாம். அருகில் சென்று, நம் கையால் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். அதற்கு இரண்டு கைகளும் கொஞ்சம் நிதானமும் போதும்.