பல்லக்கில் வந்த மகிழங்கன்று

ஜூன் 5ஆம் நாள் வந்துவிட்டால் நமது பங்குகளிலும் மரக்கன்று நடுகிறோம். திருப்பலி முடிந்ததும் ஒரு குழி, ஒரு கன்று, ஒரு வாளித் தண்ணீர், பிறகு ஒரு புகைப்படம். சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில் இளைஞர்களோடு சேர்ந்து நாற்பது கன்றுகள் நட்டோம். அடுத்த ஜூனில் எண்ணிப் பார்த்தால் மூன்றுதான் நின்றன. ஆடுகள் மேலும் கோடை வெயில் மேலும் பழியைப் போட்டோம். உண்மை என்னவென்றால், நட்ட அன்று மாலைக்குப் பிறகு அந்தக் கன்றுகளை எவருமே நினைக்கவில்லை. பங்குத்தந்தையாகிய நாமும்தான்.

அந்த மூன்று கன்றுகளின் முன் நின்றபோது நமது நினைவுக்கு வந்தவர் இரவீந்திரநாத் தாகூர். நமது நாட்டுப்பண்ணை எழுதியவர், 1913இல் நோபல் பரிசு பெற்றவர் என்று அவரைப் பள்ளிப் பிள்ளைகள் கூட அறிவார்கள். மரம் நடுவதைப் பாட்டும் கூத்துமான விழாவாக்கிய தாகூரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

அவர் 1861ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் கொல்கத்தாவின் ஜொராசாங்கோ மாளிகையில் பிறந்தார். செல்வக் குடும்பம்தான். ஆனால் குழந்தைப் பருவம் வேலைக்காரர்களின் கண்காணிப்பில், நான்கு சுவர்களுக்குள் கழிந்தது. வேலைக்காரர் ஒருவர் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் வரைந்து, அதைத் தாண்டக் கூடாது என்று சிறுவனை உட்கார வைத்துவிட்டுப் போவாராம். அந்த வட்டத்துக்குள் இருந்தபடியே அவன் சன்னல் வழியாக ஒரு குளத்தையும் அதன் கரையில் நின்ற ஆலமரத்தையும் பார்த்துக்கொண்டிருப்பான். முதிர்ந்த வயதில் தம் இளமை நினைவுகளை எழுதியபோதும் அந்த ஆலமரத்தை அவர் மறக்கவில்லை.

1873இல், சிறுவனுக்குப் பதினொரு வயதானபோது, தந்தை தேவேந்திரநாத் அவனை முதன்முறையாக வெளியூர் அழைத்துச் சென்றார். வழியில் தங்கிய இடம் சாந்திநிகேதன். வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தில் உள்ள செம்மண் பொட்டல் அது. மழைநீர் அரித்து அரித்துப் பள்ளமும் மேடுமாகிப்போன நிலம். இரண்டு ஏழிலைப்பாலை மரங்களின் நிழல் பிடித்துப்போனதால் 1863இல் தேவேந்திரநாத் அந்த இடத்தைத் தியானத்துக்கென வாங்கியிருந்தார். சிறுவனோ அந்தப் பள்ளங்களில் இறங்கிக் கூழாங்கற்களைப் பொறுக்கி வந்து தந்தையிடம் காட்டினான். தந்தை அவற்றை அலட்சியம் செய்யாமல் பாராட்டினார். பெற்றோரே, இதைச் சற்றுக் கவனியுங்கள்! வெயிலில் திரியாதே என்று ஓர் அதட்டல் போட்டிருந்தால் பிற்காலக் கதை எப்படிப் போயிருக்குமோ?

1901ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் அதே இடத்தில் தாகூர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். மாணவர்கள் ஐந்து பேர். வகுப்பறை மரத்தடி. செலவுக்காக மனைவி மிருணாளினி தம் நகைகளை விற்கக் கொடுத்தார். இங்கே கத்தோலிக்கர்களாகிய நாம் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்தப் பள்ளியைத் தொடங்கத் தோள் கொடுத்தவர் பிரம்மபாந்தவ் உபாத்யாய. தாகூர் பிறந்த அதே ஆண்டில் பிறந்து, 1891இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்த வங்கத் துறவி. நமது ஆசிரமங்களில் பாடப்படும் ‘வந்தே சச்சிதானந்தம்’ என்ற வடமொழிப் பாடலை இயற்றியவரும் அவரே. அவரும் அவருடைய சீடர் ரேவாசந்தும் சில மாதங்கள்தான் அங்கே இருந்தார்கள். ஆனாலும் அந்த மரத்தடி வகுப்பின் முதல் ஆசிரியர்களில் நம்மவர் இருவர் என்பது மகிழ்ச்சி தருகிறது.

பள்ளி தொடங்கிய மறு ஆண்டே மிருணாளினி இறந்தார். அடுத்த ஆண்டு மகள் ரேணுகா. 1905இல் தந்தை. 1907ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இளவேனிலை வரவேற்க, தாகூரின் இளைய மகன் சமீந்திரநாத் சில நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு பூக்களைச் சூடி ஆடிப்பாடி ஒரு சிறு விழா நடத்தினான். பருவங்களைக் கொண்டாடும் வழக்கம் சாந்திநிகேதனில் அப்படித்தான், ஒரு சிறுவனின் விளையாட்டாகத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் காலரா நோய் அவனைக் கொண்டுபோயிற்று. அவனுக்குப் பதினொரு வயதுகூட நிறையவில்லை. தந்தை அந்த விழாவை நிறுத்திவிடவில்லை. மழைக்கு ஒரு விழா, இளவேனிலுக்கு ஒரு விழா என்று அது வளர்ந்தது. ஒவ்வொரு பருவத்துக்கும் பாடல்கள் எழுதினார், நாடகங்கள் எழுதினார். மாணவர்கள் ஆடிப்பாடியே மேகத்தையும் காற்றையும் கவனிக்கக் கற்றார்கள்.

பாட்டுப் பாடினால் பயிர் விளையுமா என்று நீங்கள் கேட்கலாம். தாகூரும் அதை அறிந்தே இருந்தார். 1890களில் குடும்ப நிலங்களை மேற்பார்வையிட பத்மா நதியில் படகில் தங்கியிருந்த காலத்தில் உழவர்களின் வறுமையை நேரில் பார்த்தவர் அவர். எனவே 1906இல் தம் மூத்த மகன் ரதீந்திரநாத்தை வேளாண்மை படிக்க அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். கவிஞர் தம் மகனை உழவு படிக்க அனுப்பினார் என்பதை நாம் பலமுறை மறையுரையில் சொல்லியிருக்கிறோம். 1922இல், வேளாண்மை பயின்ற லெனார்டு எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயரின் துணையோடு, அருகிலிருந்த சுருல் கிராமத்தில் ஊரக மேம்பாட்டுப் பணி தொடங்கியது. பின்னர் ஸ்ரீநிகேதன் என்று பெயர் பெற்ற இடம் அது. அதே ஆண்டில் அவர் எழுதிய ‘முக்ததாரா’ நாடகத்தில், அரசன் ஓர் அணை கட்டி அருவியைத் தடுத்து, கீழே வாழும் மக்களின் தண்ணீரைப் பறிக்கிறான். இளவரசன் அபிஜித் அந்த அணையை உடைத்து, பாய்ந்து வரும் வெள்ளத்திலேயே உயிரைக் கொடுக்கிறான்.

1928ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள்தான் நமது கதையின் பெரிய நாள். மருமகள் பிரதிமா தேவி தொட்டியில் வளர்த்த மகிழங்கன்று ஒன்றை அலங்கரித்த பல்லக்கில் ஏற்றினார்கள். சங்கு முழங்க, மாணவியர் பாடி ஆடி உடன் வந்தார்கள். நிலம், நீர், தீ, காற்று, வானம் என ஐந்து பூதங்களாக ஐந்து சிறுவர்கள் வேடமிட்டு நின்றார்கள். தாகூர் கவிதை வாசித்தார். கன்று ஊன்றப்பட்டது. மறுநாள் ஸ்ரீநிகேதனில் காளைகளை அலங்கரித்து ஏர் பூட்டும் விழா. அந்த உழவு விழாவை ஓவியர் நந்தலால் போஸ் பின்னர் அங்கே சுவரோவியமாகவும் தீட்டினார். ஒரு கன்றுக்கு இத்தனை ஆடம்பரமா என்று அன்றும் யாராவது முணுமுணுத்திருப்பார்கள். நமக்குத் தோன்றுவது வேறு. மணமகளைப் போல ஊர்வலமாக அழைத்து வந்த கன்றை மறுநாளே ஆட்டுக்கு விட்டுவிட எவருக்கு மனம் வரும்? பாடிய சிறுமியரில் ஒருத்தியாவது தண்ணீரோடு போயிருப்பாள். நமது நாற்பது கன்றுகளுக்கு அப்படி ஒருத்தி இல்லாமல் போனாள்.

அதே 1928இல் ‘பலாய்’ என்ற சிறுகதையும் வெளிவந்தது. தாயை இழந்த பலாய் என்னும் சிறுவன் சித்தப்பா வீட்டில் வளர்கிறான். தோட்டப் பாதையின் நடுவே தானாக முளைத்த இலவங்கன்று ஒன்றை, வெட்டிவிடாதீர்கள் என்று கெஞ்சிக் காப்பாற்றுகிறான். பிறகு அவனுடைய தந்தை அவனைப் படிப்புக்காகச் சிம்லாவுக்கு அழைத்துப்போகிறார். அங்கிருந்து கடல் கடந்து செல்லுமுன், அந்த மரத்தின் புகைப்படம் ஒன்று வேண்டும் என்று சித்திக்குக் கடிதம் எழுதுகிறான். ஆனால் சித்தப்பா அதற்குள் மரத்தை வெட்டிவிட்டார். சித்தி இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிள்ளையில்லாத அந்தப் பெண்ணுக்கு அந்த மரம்தான் பலாயாக இருந்தது.

இந்தக் கதையை நாம் ஒருமுறை மறைக்கல்வி வகுப்பில் சொன்னோம். காடழிப்பு பற்றி அதற்கு முந்தைய வாரம் அரை மணி நேரம் பேசியபோது கொட்டாவி விட்ட பிள்ளைகள், சித்தி சாப்பிடாமல் இருந்த இடத்தில் அசையவே இல்லை. ஒரு சிறுமி மட்டும், அந்தச் சித்தப்பா பிறகு வேறு மரம் வைத்தாரா என்று கேட்டாள். கதையில் அது இல்லை என்றோம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலில், அழகின் முன் நின்று வியக்கக் கற்காதவர் எல்லாவற்றையும் பயன்படுத்தித் தூக்கி எறியும் பொருளாகவே காண்பார் என்ற கருத்தைச் சொல்கிறார். அந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு அந்த வகுப்பறைதான் நினைவுக்கு வருகிறது.

1950இல் மத்திய அமைச்சராக இருந்த கே. எம். முன்ஷி நாடு முழுவதற்கும் ‘வன மகோற்சவம்’ என்னும் மரம் நடும் வாரத்தைத் தொடங்கி வைத்தார். அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே சாந்திநிகேதனில் மகிழங்கன்று பல்லக்கில் வந்துவிட்டது. அந்தச் செம்மண் பொட்டல் மரங்கள் அடர்ந்த இடமாயிற்று. விசுவபாரதி பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவில் ஏழிலைப்பாலை இலை வழங்குவது மரபு. 2023இல் யுனெஸ்கோ நிறுவனம் சாந்திநிகேதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

தாகூர் 1941ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் ஜொராசாங்கோ வீட்டிலேயே கண்மூடினார். வங்க நாள்காட்டியில் அது சிராவண மாதம் 22ஆம் நாள், மழைக்காலம். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில்தான் சாந்திநிகேதனில் மரம் நடும் விழா நடைபெறுகிறது. நினைவு நாளின் துயரத்துக்கு நடுவிலும் பிள்ளைகள் பாடிக்கொண்டே முன்னே செல்கிறார்கள். பின்னால் கன்று பல்லக்கில் வருகிறது.