மறதியின் தடயத்தைத் தேடிய மருத்துவர்

பேரப்பிள்ளையின் பெயரை மறக்கும் பாட்டி, வந்த வழி தெரியாமல் திகைக்கும் தாத்தா என இத்தகைய முதியவர்களை நாம் பார்த்திருப்போம். நினைவை அழிக்கும் இத்தகைய நோய்களுள் முதன்மையானது அல்சைமர் நோய். அது மூளையில் விட்டுச்செல்லும் தடயங்களை ஆராய்ந்து கூறிய மருத்துவரின் பெயரே அந்நோய்க்கும் பெயராயிற்று.

அலாய்ஸ் அல்சைமர் 1864ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் ஜெர்மனியின் மார்க்பிரைட் எனும் சிற்றூரில் பிறந்தார். 1887இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மறு ஆண்டே பிராங்பர்ட் நகர மனநல மருத்துவமனையில் பணியில் சேர்ந்தார். நோயாளிகளிடம் பொறுமையாகப் பேசுவதும், மூளைத் திசுக்களை நுண்ணோக்கியில் ஆராய்வதும் அவருடைய இரு கண்களாக விளங்கின.

1901ஆம் ஆண்டு அவர் வாழ்வில் மறக்க முடியாதது. அவ்வாண்டில் அவருடைய மனைவி மூன்று குழந்தைகளை விட்டு மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில், அகஸ்டா டீட்டர் எனும் 51 வயதுப் பெண்மணி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கணவரின் பெயரைக் கேட்டபோது அவர் தம் பெயரையே கூறினார். பூக்கோசு உண்டுகொண்டே கீரை உண்பதாகச் சொன்னார். தம் பெயரை எழுதத் தொடங்கி, பாதியிலேயே மறந்தார். அவர் கூறிய ஒவ்வொன்றையும் அல்சைமர் கவனமாகக் குறித்துக்கொண்டார்.

பின்னர், அல்சைமர் மியூனிக் நகருக்கு மாறினார். ஆயினும், அகஸ்டாவை அவர் மறக்கவில்லை. 1906 ஏப்ரலில் அகஸ்டா இறந்ததும், அவருடைய மூளையை வரவழைத்து ஆராய்ந்தார். மூளை சுருங்கியிருந்தது. நரம்பணுக்களுக்கு உள்ளே சிக்கலான இழைகளும் வெளியே படிவுகளும் காணப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் டூபிங்கனில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் இதனை விளக்கினார். கேட்டவர்கள் ஒரு வினாவும் எழுப்பவில்லை. எனினும், 1910இல் பேராசிரியர் கிரெப்பெலின் தம் நூலில் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார். 1915இல் அல்சைமர் மறைந்தார். அப்போது அவருக்கும் வயது 51.

பெற்றோருக்கு வந்த நோய் தனக்கும் வருமோ என்ற அச்சம் பிராங்பர்ட்டிலும் எழும். நம் ஜொகூரிலும் எழும். இதற்கு விடை தேடிய அறிவியலாளர்கள், 1993இல் ஏபிஓஇ எனும் மரபணுவுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருப்பதைக் கண்டறிந்தனர். இம்மரபணுவைத் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக நாம் பெறுகிறோம். அதன் வகைகளுள் ஒன்றான இ4 நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது.

1995இல் அகஸ்டாவின் பழைய மருத்துவக் கோப்பு பிராங்பர்ட்டில் கிடைத்தது. பின்னர், அவருடைய மூளைத் திசு பதிந்த கண்ணாடித் தகடுகளும் மியூனிக்கில் கிடைத்தன. அத்திசுவைச் சோதித்தபோது வியப்பான செய்தி வெளிவந்தது. அகஸ்டாவிடம் இ4 வகை இல்லவே இல்லை! இளம் வயதிலேயே நோயை உண்டாக்கும் வேறோர் அரிய மரபணு மாற்றம் அவரிடம் இருந்ததாக 2013இல் ஓர் ஆய்வுக்குழு அறிவித்தது. மறு ஆண்டு மற்றொரு குழு தேடியபோது அம்மாற்றம் தென்படவில்லை.

இன்று இரத்தத்தையோ உமிழ்நீரையோ கொண்டு ஏபிஓஇ வகையை அறியலாம். ஆனால், இ4 உள்ள எல்லாருக்கும் நோய் வருவதில்லை; அஃது இல்லாதவருக்கும் வரலாம். அகஸ்டாவே இதற்குச் சான்று. ஆகவே, இச்சோதனை கூறுவது வாய்ப்பை மட்டுமே, தலைவிதியை அன்று. மேலும், ஒருவருடைய முடிவு அவருடைய உடன்பிறப்புகளையும் பிள்ளைகளையும் கவலைக்கு உள்ளாக்கலாம். எனவேதான், சோதனைக்கு முன்னரே மரபணு ஆலோசகரிடம் கலந்து பேசுமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். அறிந்துகொள்வதா வேண்டாமா என்பது அவரவர் உரிமை.

நூறாண்டுகளுக்கும் மேலாகியும் அகஸ்டாவின் நோய்க்கான காரணம் உறுதியாகவில்லை. ஆயினும், தம்மையே மறந்துகொண்டிருந்த அப்பெண்மணியை இன்றும் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அவர் அருகில் அமர்ந்து, பொறுமையுடன் கேட்டு எழுதிவைத்த மருத்துவரே அதற்குக் காரணம்.