கடன் கேட்போரும் ரைபைசன் சரித்திரமும்

சென்ற திங்கள் நம் சங்கத்து அன்பர் ஒருவர் எம் இல்லத்திற்கு வந்திருந்தார். அவருடைய புதல்வன் அயல்நாட்டில் உத்தியோகம் புரிபவன். இணையத்தின் வாயிலாகப் பிற தேசத்துச் சிறு தொழிலாளர்க்கு அவன் கடன் கொடுத்து வருகின்றானாம். தையற்பொறி வாங்க விரும்பும் பெண்ணொருத்தியின் படத்தையும், அவள் நிலைமையைக் கூறும் பத்து வரிகளையும் காண்கின்றான். 25 டாலர் அனுப்புகின்றான். அவள் கூறுவது மெய்யோ பொய்யோ என்று அறிவது எங்ஙனம் என மகன் தந்தையைக் கேட்க, தந்தையார் எம்மைக் கேட்டார். தமிழ் கற்பிப்பார்க்கும் வட்டிக் கணக்கிற்கும் யாது தொடர்பு என்று நகைத்தோம். ஆயினும் அவ்வினா எம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம். இவ்வினாவிற்கு விடை தேடித் தம் வாழ்நாளைச் செலவிட்ட பெருந்தகை ஒருவர் ஜெர்மனி தேசத்தில் இருந்தார். பிரெடரிக் வில்ஹெல்ம் ரைபைசன் என்பது அவர் பெயர்.

1818-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30-ஆம் நாள், ஸீக் ஆற்றங்கரையிலுள்ள ஹாம் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். ஒன்பது மக்களுள் ஏழாமவர். தந்தையார் சில காலம் அவ்வூர்த் தலைமை பூண்டிருந்தவர்; நோயுற்று அவர் தளரவே, குடும்பப் பாரம் தாயார்மேல் வீழ்ந்தது. உயர்தரப் பாடசாலைக்கு அனுப்பப் பொருளில்லாமையால் ஊர்ப் பாதிரியாரே இளைஞர்க்குக் கல்வி புகட்டினார். பதினேழாம் வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். கண்ணோய் பற்றியமையால் 1843-இல் அவ்வேலையைத் துறந்து, அரசாங்க உத்தியோகம் ஏற்று, 1845-இல் வையர்புஷ் என்னும் ஊர்த்தொகுதிக்குத் தலைவராயினார்.

அடுத்த ஆண்டே பஞ்சம் வந்தது. 1846, 1847 ஆகிய ஆண்டுகளின் குளிர்காலத்தில் ஏழைகளுக்கு ரொட்டியும் அரிதாயிற்று. ரைபைசன் வசதி படைத்தோரிடம் பொருள் திரட்டித் தானியம் வாங்கினார். பொது அடுப்பு ஒன்று கட்டுவித்தார். கையிற் காசில்லாதார்க்கு ரொட்டியைக் கடனாக அளித்தார். 1848-இல் பிளாமர்ஸ்பெல்ட் என்னும் இடத்திற்கு மாற்றப்பெற்றபொழுது வேறொரு துயரத்தைக் கண்டார். உழவன் தொழுவத்தில் நிற்கும் பசு அவனுடையதன்று. மாட்டு வணிகன் பசுவை விட்டுச் செல்வான், தீனி போடுவது உழவன், உரிமை வணிகனுக்கே. இவ்வலையை அறுக்கும் பொருட்டு 1849-இல் செல்வர் அறுபதின்மரைப் பொறுப்பேற்கச் செய்து ஓர் உதவிச் சங்கம் அமைத்தார். சங்கம் மாடு வாங்கிக் கொடுக்கும். உழவன் ஐந்தாண்டுகளில் தவணையாகத் தொகையைத் திருப்புவான்.

வட்டித்தொழிலார்மேல் கொண்ட சினம் அவரைப் பிழைபடவும் செய்தது. யூத மக்களைப் பழிக்கும் சொற்கள் அவர் எழுத்துக்களில் உள்ளன. நற்செயல் புரிந்தார் என்பதனால் அம்மறுவை யாம் மறைக்க விரும்பவில்லை.

1852-இல் நொய்வீட் நகரையடுத்த ஹெடஸ்டார்ப் ஊருக்கு மாற்றம் பெற்றார். 1854-இல் அங்கும் ஒரு தர்ம சங்கத்தை ஏற்படுத்தினார். செல்வர் மேலிருந்து கொடுப்பதும் ஏழைகள் கீழிருந்து வாங்குவதுமாகவே அஃது அமைந்திருந்தது. சில ஆண்டுகளில் செல்வர் சலித்தனர். தமக்கு வேண்டாத கடனுக்குத் தம் சொத்தைப் பிணையாக வைத்திருக்க எவர்தாம் நெடுநாள் இசைவர்? மேலும், கடன் கேட்பவன் உண்மையாளனா என்று செல்வர்க்குத் தெரியவில்லை. அவனுடைய அண்டைவீட்டானுக்கே தெரிந்திருந்தது. இதுவே அவர் வாழ்வின் திருப்பம் என்பது எம் கருத்து. 1864-இல் அத்தர்ம சங்கத்தின் இடத்தில் கடன் வேண்டுவோர் தாமே உறுப்பினராகும் சங்கம் ஒன்று எழுந்தது.

எம் நெஞ்சை அவ்வினா உறுத்தியதற்குக் காரணம் இதுவாகும். சில ஆண்டுகளுக்கு முன்னர், ஓர் உதவி நிதிக்கு வரும் மனுக்களைப் படித்துக் கருத்துரைக்கும் பணி எமக்கு வாய்த்தது. ஒருவர் மனு சந்திப்பிழை ஒன்றுமின்றித் தெளிந்த நடையில் இருந்தது. படித்தவுடன் இசைந்தோம். அவர் தொடங்குவதாகச் சொன்ன கடை இந்நாள் வரை திறக்கப்படவில்லை. சிற்றுண்டிக் கடை நடத்தும் அம்மையார் ஒருவரின் மனுவோ கோணல் எழுத்தில், தொகையையும் காரணத்தையும் ஒழுங்காகச் சொல்லாது வந்திருந்தது. அதனை ஒதுக்கினோம். அவர் வேறிடத்தில் கடுவட்டிக்கு வாங்கி, வாரந்தோறும் தவறாது அடைத்துவிட்டார். மொழியை அளக்கும் கோலால் மனிதரை அளந்தோம். மனு எழுதத் தெரியாதோர்க்கு எத்துணையோ மனுக்கள் எழுதிக் கொடுத்த எமக்கு, மனுவின் நடை அதனை எழுதியவனுடையதே என்பது தோன்றாமற் போனது வியப்பே.

ரைபைசனுடைய விதிகளில் மனுவின் நடைக்கு இடமே இல்லை. சங்கத்தின் எல்லை ஒரு கிறித்தவக் கோயிலைச் சார்ந்த ஊரின் எல்லையே. அதனினும் விரிதல் ஆகாது. உறுப்பினர்க்கன்றிப் பிறர்க்குக் கடனில்லை. என்ன காரியத்திற்கு என்பதைச் சொல்லியே கடன் வாங்க வேண்டும். பசுவுக்கு வாங்கிய பணம் சாராயக் கடைக்குச் சென்றதென்றால் கடன் திருப்பி அழைக்கப்படும். அது சென்றதா என்பதை ஊர் அறியாதிருக்குமோ? நிர்வாகிகள் ஊதியமின்றி உழைப்பர். கணக்கர் ஒருவரே கூலி பெறுவார். இலாபம் பங்கிடப்படாது, பொது நிதியில் சேரும். யாவற்றினும் தலையாயது, பொறுப்புக்கு வரையறை இன்மை. ஒருவன் திருப்பாவிடின் உறுப்பினர் அனைவரும் தத்தம் உடைமை முழுவதையும் கொண்டு ஈடுசெய்யக் கடவர். தன் நிலமே போகக்கூடுமாயின், அண்டை வீட்டானுடைய ஒழுக்கத்தை எவனும் நன்றாகவே கவனிப்பான். நம்மவர் இத்தகைய சங்கத்திற்கு ஐக்கிய நாணய சங்கம் என்று பெயரிட்டனர். நாணயம் என்னும் சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிக்கும் மொழி நம்முடையது.

அன்பருடைய புதல்வன் வினாவிற்கு இனி வருவோம். அவன் பணம் அனுப்பும் கீவா என்னும் அமெரிக்க நிலையம் 2005-இல் தொடங்கியது. அஃது பெரும்பாலும் அவ்வந்நாட்டு இடைநிறுவனங்களின் வழியாகக் கடன் வழங்கி வருகின்றது. பணம் அனுப்புவோர் வட்டி பெறார். இடைநிறுவனம் கடனாளியிடம் வட்டி வாங்குதல் உண்டு. படம் வெளியாகும் முன்னரே கடன் கொடுக்கப்பட்டுவிடுதல் பெருவழக்காய் இருந்தமை 2009-இல் வெளிப்படையாகப் பேசப்பட்டது. ஆதலின் அப்பெண்ணின் முகத்தை உற்றுநோக்குதல் வீண். நடுவில் நிற்கும் நிறுவனம் எத்துணை ஆண்டு நின்றது, கொடுத்ததில் எத்துணை திரும்பிற்று, வட்டி யாது, கடனாளியின் தெருவிற்கு அதன் ஆள் நடந்து சென்றானா என்பவற்றையே அவன் ஆராய வேண்டும்.

நம் சங்கத்தாரும் இதனை ஊன்றி நோக்கல் வேண்டும். மனுச் செய்வோனுடைய பாட்டன் பெயரை அறிவோம். குலதெய்வக் கோயிலை அறிவோம். பெண் கொடுத்த வீட்டையும் அறிவோம். அவன் கடை காலையில் எத்தனை மணிக்குத் திறக்கப்படுகின்றது என்பதை அறியோம். அதனை அறிந்தவர் எதிர்க்கடைக்காரர். அவர் வேறு மரபினராக இருத்தலும் கூடும். அவரை அணுகிக் கேட்க நாம் நாணுகின்றோம். உறவு வேறு, அண்மை வேறு. ரைபைசன் நம்பியது அண்மையை.

அவருடைய பிற்காலம் துன்பம் மிக்கது. 1863-இல் மனைவியார் மறைந்தார். 1865-இல் நோயினால் பதவி நீங்கினார். 1866-இல் தம் கடன் சங்கங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கண்ணொளி மங்க மங்க, மூத்த மகள் அமாலியாவே அவர்க்குக் கண்ணும் கையுமாயினாள். வயிற்றுப்பாட்டிற்குத் திராட்சை மது வாணிகம் செய்தார். 1872-இல் சிறு சங்கங்களின் பணத்தை ஊருக்கு ஊர் மாற்றி உதவ நொய்வீட்டில் நடுவண் வங்கி ஒன்றை நிறுவினார். நகரத் தொழிலாளர்க்கு வங்கிகள் கண்ட ஷுல்ட்சே-டெலிட்ஷ் என்பார் இவர் முறையைக் கடுமையாக எதிர்த்தார். பங்குத்தொகை இல்லாத சங்கம் நில்லாது என்பது அவர் வாதம். சங்கங்கள் நானூற்றுக்கு மேற்பட்டுப் பெருகியிருந்த நிலையில், 1888-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள், எழுபது நிறைவதற்குச் சில நாட்களே இருக்க, ரைபைசன் உயிர் துறந்தார்.

சென்னை அரசாங்கம் பிரெடரிக் நிக்கல்சன் என்பாரை ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராயப் பணித்தது. 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த அவர் அறிக்கை ரைபைசன் முறையையே போற்றியது. 1904-இல் சட்டம் இயற்றப்பெற்று, அவ்வாண்டே திருவள்ளூரை அடுத்த திரூரில் கிராமச் சங்கம் பதிவாயிற்று. நம் சங்கத்திற்கு இம்மாதம் மூன்று மனுக்கள் வந்துள்ளன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழுவினர் அம்மூன்று கடைத்தெருவிற்கும் சென்று அக்கம்பக்கத்தாரைக் கண்டு வருவதாக இசைந்திருக்கின்றனர். யாமும் உடன் செல்கின்றோம்.