பத்தாண்டு காத்திருந்த விலங்கு

சேத்தியாத்தோப்பிலிருந்து சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் வாய்தாவுக்குப் பேருந்து ஏறுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பழைய வழக்கு என்றால் என்ன என்பதைச் சொல்வார்கள். மீசை அரும்பும் வயதில் ஒருவன் சுவரில் எழுதுகிறான், சாலையை மறிக்கிறான், ஊர்வலத்தில் உரக்கக் கத்துகிறான். பிறகு மறந்து விடுகிறான். அவன் மறந்தான், காகிதம் மறக்கவில்லை! மணமாகி, மக்களைப் பெற்று, பிழைப்புத் தேடி அலைந்து ஊர் திரும்பும் ஒரு நாளில் கதவு தட்டப்படுகிறது. சிறு குற்றங்களுக்கு இத்தனை காலத்துக்குள் வழக்கெடுக்க வேண்டும் என்று 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வரையறை வகுத்தது. 2023ஆம் ஆண்டின் புதிய சட்டமும் அதைக் காத்தது. ஆனால் எடுத்த வழக்கில் பிறந்த பிடிவாரண்டுக்கு முதுமை இல்லை. அதை நிறைவேற்ற வேண்டும், அல்லது நீதிமன்றம் ரத்துச் செய்ய வேண்டும்; அதுவரை அது சாவதில்லை.

இதனை எண்ணும்போது, இதே கடலூர்ச் சீமையில் பிடிபட்ட ஒரு மனிதர் நம் நினைவுக்கு வருகிறார். செய்த குற்றம் பத்தாண்டுப் பழையது. திருடினாரா? இல்லை. தீ வைத்தாரா? இல்லை. எழுதினார்! அவர் பெயர் சுப்பிரமணிய பாரதி.

எட்டயபுரத்தில் 1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் பிறந்தவர். 1904இல் சென்னைக்கு வந்து ‘சுதேசமித்திரன்’ ஏட்டில் துணையாசிரியரானார். அங்கே அடக்கி எழுத வேண்டியிருந்தது. 1906இல் ‘இந்தியா’ வார ஏடு பிறந்தது. அங்கே அவருடைய பேனாவுக்குக் கடிவாளம் கிடையாது. தமிழ் ஏடுகளில் அரசியல் கேலிச் சித்திரத்துக்கு வாழ்வு தந்த ஏடு அது. வெள்ளைத் துரைத்தனத்தைப் படம் போட்டு எள்ளி நகையாடிற்று. எள்ளலைத் தாங்கிக்கொள்ளும் ஏகாதிபத்தியம் உலகில் எங்கேனும் உண்டா?

1908ஆம் ஆண்டு வந்தது. மார்ச்சுத் திங்களில் கப்பலோட்டிய சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் சிறைப்பட்டனர். நெல்லை கொந்தளித்தது. அடுத்த அடி ‘இந்தியா’வின் தலையில் விழுந்தது; ஏட்டின் ஆசிரியரைப் பிடிக்க வாரண்டு புறப்பட்டது. பதிவேட்டில் ஆசிரியராக இருந்த பெயர் சீனிவாசன். எழுதியவர் வெளியே நிற்க, பெயர் கொடுத்தவர் ஐந்தாண்டுத் தண்டனை பெற்றார். எழுத்து யாருடையது என்பதைச் சர்க்கார் அறியாததல்ல. அடுத்த விலங்கு பாரதிக்குத்தான் என்று நண்பர்கள் அஞ்சினர். அவரைப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்கு அனுப்பி வைத்தனர். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து!

விலங்கு அவர் கையில் விழவில்லை. வாழ்வின் மேல் விழுந்தது. புதுச்சேரியிலிருந்து மீண்டும் வெளிவந்த ‘இந்தியா’ எல்லை கடக்க முடியாதபடி தடுக்கப்பட்டது, 1910இல் நின்றது. ஒற்றர்கள் தெருவில் நின்றார்கள், தபாலைப் பிரித்தார்கள். வருமானம் வற்றிற்று, வறுமை வளர்ந்தது. எனினும் அந்த வறுமைக்கு நடுவேதான் பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு அனைத்தும் பிறந்தன. அங்கேதான் கனக சுப்புரத்தினம் என்ற இளைஞர் அவருடன் பழகினார். பழகியவர் பாரதிதாசன் ஆனார். பிடிக்க முடியாத மனிதரைப் பட்டினி போட்டது துரைத்தனம். பட்டினி கிடந்தவர் தமிழுக்கு விருந்து வைத்தார்.

பத்தாண்டு கழிந்தது. முதல் உலகப் போர் 1918ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் ஓய்ந்தது. ஒன்பது நாள் சென்று, நவம்பர் 20ஆம் நாள், பாரதி புதுச்சேரியை விட்டு வெளியேறினார். எல்லை தாண்டியதும் கடலூருக்கு அருகே கைது! அவர்கள் கையில் இருந்த சட்டம் எது தெரியுமா? இந்தியாவுக்குள் நுழைவோரைக் கட்டுப்படுத்த, போரைக் காரணம் காட்டி 1914இல் பிறப்பித்த அவசரச் சட்டம். போர் முடிந்துவிட்டது, போர்க்காலச் சட்டம் முடியவில்லை. குற்றம் பழையது, சட்டம் புதியது, சினம் மட்டும் அதே சினம்!

கடலூர்ச் சிறையில் இருபத்து நான்கு நாட்கள். அந்த நாட்களில்தான் அவருக்கு முப்பத்தாறு வயது நிறைந்தது. பிறந்த நாள் கம்பிக்குள் கழிந்தது. சிறையிலிருந்து ஆளுநர் பெண்ட்லண்டுக்கு விண்ணப்பம் எழுதினார். அரசியலை விட்டு விலகியிருப்பதாக உறுதி சொன்னார். அன்னி பெசண்ட்டும் சி. பி. இராமசாமி ஐயரும் அவருக்காக முயன்றனர். டிசம்பர் 14ஆம் நாள் விடுதலை, ஆனால் நிபந்தனையோடு. நெல்லைச் சீமையிலே தங்க வேண்டும். எழுதுவதைப் போலீசுக்குக் காட்டி இசைவு பெற்ற பிறகே வெளியிட வேண்டும். மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்துக்குப் போனார்.

இதைக் கேட்டு உதடு பிதுக்குவோர் உண்டு. நெருப்பைப் பாடியவர் நிபந்தனைக்கு இணங்கலாமா என்பார்கள். இணங்கினார், அதை நாம் மறைக்கவில்லை. மறைக்கத் தேவையும் இல்லை. அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: இருபத்து நான்கு நாளை மட்டும் தராசில் வைக்காதீர்கள், அதற்கு முந்திய பத்தாண்டையும் சேர்த்து வையுங்கள். வீடு இழந்து, ஏடு இழந்து, குடும்பத்தைப் பசியில் பார்த்தபடி பத்தாண்டு நின்றவர் அவர். அந்தக் கையெழுத்திலே வெட்கப்பட வேண்டியவர் யார்? போட்டவரா, போட வைத்தவரா? உலகப் போரில் வென்ற பேரரசு, மெலிந்து போன ஒரு கவிஞர் எழுதும் தாளைப் போலீசார் படித்துப் பார்க்க வேண்டும் என்றதே, அஞ்சியவர் யார்?

பழைய குற்றத்தைத் தோண்டி எடுப்பது நீதிக்காக அல்ல. பிடரியிலிருந்து கையை எடுக்க மனமில்லாததற்காக. அன்றைய துரைத்தனத்துக்கு மட்டும் உரிய குணமா அது? எந்தக் கொடி பறந்தாலும், யார் நாற்காலியில் அமர்ந்தாலும், உறங்கும் வழக்கை வேண்டும்போது எழுப்பும் ஆசை வரத்தான் செய்கிறது. ஆட்சியில் இருப்போர் எவராயினும் அவர்களுக்குக் கடலூர்ச் சிறை ஒரு பாடம்.

1920இல் தளை தளர்ந்தது. சென்னைக்கு வந்து மீண்டும் ‘சுதேசமித்திர’னில் அமர்ந்தார். 1921 செப்டம்பரில் மறைந்தார். வயது முப்பத்தொன்பது நிறையவில்லை. தளையின்றி எழுத அவருக்குக் கிடைத்த காலம் ஓராண்டு கூட இல்லை. 1949இல் சென்னை மாகாண அரசு அவருடைய நூல்களின் உரிமையை வாங்கிற்று. 1955இல் அதைப் பொதுமக்களுக்கே உரிமையாக்கிற்று. போலீசு இசைவு இல்லாமல் அச்சேறக் கூடாது என்றிருந்த எழுத்தை, இன்று எவருடைய இசைவும் கேளாமல் எவரும் அச்சிடலாம். விலங்கு போட்டவர்கள் எந்தக் குற்றத்துக்காகப் போட்டார்கள் என்பதை நாம் தேடிப் பிடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் பாட்டையோ, பள்ளிப் பிள்ளை பாராமல் சொல்கிறது.